சர்க்கரை இல்லாத வீட்டில் ஒரு பிடி வெள்ளைப் பொடி

அத்தியாயம் 4

மேடத்துக்கு முழங்கால் வலி. எனக்குப் பசி. துப்பறிய இது ஏற்ற நாள் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

"நமக்கு என்னிக்கு ஏத்த நாள் வந்திருக்கு, வாலு?" என்று சொல்லிவிட்டு, மேடம் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறத் தொடங்கினார்.

வாலு என்பது நான்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டேன் என்பதால் மேடம் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. மேடம் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் வேலை பார்த்தவர். செத்துப்போனதாகச் சொல்லப்பட்டவர்கள் நிஜமாகவே செத்துப்போனார்களா என்று பார்த்துவரும் வேலை. அதில் தலை நரைத்து, ஓய்வு பெற்று, துப்பறியும் அலுவலகம் ஒன்றைத் திறந்தார். அங்கே ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, நான். மூன்றில் மின்விசிறி மட்டும்தான் சத்தம் போடாமல் சுற்றும்.

மாடிப்படியின் தொடக்கத்திலேயே ஒரு சுவரொட்டி இருந்தது. இடப்பக்கம் தொப்பையோடு ஒரு மனிதர். வலப்பக்கம் அதே மனிதர், தொப்பை இல்லாமல், கையில் கண்ணாடி டம்ளருடன். "மாத்திரைகளை வீசி எறிந்தேன். மூலிகைத் தேநீரைக் கையில் எடுத்தேன். அடுப்பை அணை, ஆயுளைக் கூட்டு." கீழே அடுப்பில்லா வாழ்வு இயக்கத்தின் முத்திரை.

"ஆயுளைக் கூட்டினவர்தான் ஆஸ்பத்திரியில இருந்து நேத்து வந்திருக்காரா, மேடம்?"

"ஆமா. மெதுவாப் பேசு. படியில எதிரொலிக்குது."

கதை இதுதான். சுவரொட்டியில் இருப்பவர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். ஸ்டூடியோ தரைத்தளத்தில், வீடு மாடியில். சர்க்கரை வியாதிக்கு வருஷக்கணக்காக மாத்திரை சாப்பிட்டுவந்தவர், சில மாதங்களுக்கு முன்னால் இந்த இயக்கத்தில் சேர்ந்தார். சமைக்காத காய், பழம், முளைகட்டிய பயறு, காலையில் ஒரு டம்ளர் மூலிகைத் தேநீர். அந்தத் தேநீருக்கு மட்டும்தான் அடுப்பு மூட்ட அனுமதி. மாத்திரைகளை மேடையில் நின்று எல்லார் முன்னாலும் குப்பைத் தொட்டியில் கொட்டினார். அதன் பிறகும் ரத்தப் பரிசோதனை ஒவ்வொன்றும் பிரமாதமாக வந்தது. இயக்கத்துக்கு அவர் ஒரு கோயில் யானை மாதிரி ஆகிவிட்டார்.

போன சில வாரங்களாக அவருக்கு வேர்த்துக்கொட்டியது. கை நடுங்கியது. பேச்சு குழறியது. கடைசியில் ஒருநாள் சாயந்திரம் சமையலறை வாசலில் விழுந்துவிட்டார். குளித்துவிட்டு வந்த மகன் பார்த்தது, அப்பா தரையில் கிடப்பதையும், தன் மனைவி குனிந்து அவர் வாயில் ஒரு பிடி வெள்ளைப் பொடியைத் திணிப்பதையும்.

ஆஸ்பத்திரி டாக்டர், "ரத்தத்துல சர்க்கரை பயங்கரமா இறங்கியிருக்கு. மாத்திரை எதுவும் சாப்பிடாதவருக்கு இப்படி இறங்காது. வீட்ல என்ன கொடுக்கறீங்க?" என்று கேட்டிருக்கிறார். கொடுப்பது தேநீர். அதைக் காய்ச்சுவது மருமகள். மூலிகைப் பொடியைப் பரிசோதனைச் சாலையில் கொடுத்துப் பார்த்தார்கள். அதில் ஒரு குற்றமும் இல்லை. அப்படியென்றால் குற்றம் காய்ச்சுகிற கையில்தான் என்று மகன் முடிவு கட்டினான். அன்றைக்கே மனைவியை வெளியே அனுப்பிவிட்டான்.

அவள்தான் எங்கள் கட்சிக்காரி. குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். நேற்று எங்கள் அலுவலகத்தில் அழாமல் உட்கார்ந்து பேசினாள். அது எனக்கு அழுவதைவிடச் சங்கடமாக இருந்தது.

"என் வீட்டுக்காரர் இன்னிக்குச் சும்மா இருக்காரு. நாளைக்குச் சாயந்திரம் போலீஸ்ல புகார் கொடுக்கப் போறாராம். விஷம் வச்சவள்னு ஒரு தடவை பேர் வந்துட்டா, எந்த அம்மா என் கையில பிள்ளையைக் கொடுப்பா? நான் சோறு ஊட்டற வேலை பார்க்கறவ மேடம்."

அந்தச் சாயந்திரம் இன்றைக்குத்தான். நாங்கள் காலையிலேயே வந்துவிட்டோம். அவள் இப்போது தெருமுனையில் உள்ள நிழலில் நின்றுகொண்டிருந்தாள். மாடிக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

கதவைத் திறந்தவன் மகன். மின்தூக்கிகளைப் பழுது பார்க்கும் கம்பெனியில் மேற்பார்வையாளன். அவன் வீட்டுக் கட்டடத்தில் மின்தூக்கி கிடையாது. அதைப் பற்றி நான் வாயைத் திறப்பதற்குள் மேடம் என் காலை மிதித்தார்.

"எங்க வேணா தேடுங்க. ஒளிக்க எங்க வீட்ல ஒண்ணுமில்ல. தேடத் தேட உங்க கட்சிக்காரிதான் மாட்டுவா," என்றான் மகன். கண்கள் சிவந்திருந்தன. தூங்கிப் பல நாள் ஆனவன் போலத்தான் தெரிந்தான்.

அவனுடைய அம்மா, அதாவது எங்கள் கட்சிக்காரியின் மாமியார், ஒரு தட்டில் நறுக்கிய கேரட்டும் வெள்ளரியும் கொண்டுவந்து வைத்தார். மெலிந்த, சத்தமில்லாத அம்மாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு தரம் மகனைப் பார்த்துக்கொண்டார். நான் ஒரு கேரட்டை எடுத்துக் கடித்தேன். ஆடு ஏன் எப்போதும் சோகமாக இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

"தம்பி, உங்க சம்சாரம் அப்பா வாயில போட்டது என்னன்னு சொன்னாங்க?" மேடம் நாற்காலியில் மெல்ல இறங்கினார்.

"சர்க்கரைன்னு சொன்னா. அதுலயே பொய் தெரியுதில்ல? இந்த வீட்டுக்குள்ள சர்க்கரை வந்தே எத்தனையோ மாசம் ஆச்சு. அப்பா ஒரு பொட்டுக்கூட வைக்க விட மாட்டார்."

"எங்க வச்சிருந்தேன்னு சொல்லலையா?"

"பாத்திரம் கழுவற தொட்டிக்குக் கீழ, சோப்புப் பொடி டப்பாவுலயாம். சோப்புப் பொடி டப்பாவுல சோப்புப் பொடிதான் இருக்கும்."

"திறந்து பார்த்தீங்களா?"

"பார்த்தேன். வெள்ளையா இருந்துச்சு."

மேடம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். சம்பளம் வாங்குகிறவனை ஞாபகப்படுத்தும் பார்வை.

சமையலறை துடைத்துவைத்த மாதிரி இருந்தது. நான்கு பர்னர் அடுப்பில் மூன்று பளபளத்தன. ஒன்றில் மட்டும் சின்னப் பாத்திரத்தில் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. வேரும் பட்டையும் கலந்த வாசனை. மேடையில் இடிகல், சின்ன உரல், கரண்டிகளைத் தொங்கவிடும் கம்பி. தொட்டிக்குக் கீழே குனிந்து அந்த டப்பாவை எடுத்தேன். மேலே துணி சோப்பின் படம், உள்ளே வெள்ளைத் துகள்.

"மேடம், மோந்து பார்த்தா போதாதா?"

"டப்பா வாசனைதான் வரும். நாக்குல வை."

"சோப்பா இருந்தா?"

"வாய் சுத்தமாகும். உனக்கு அது ரொம்ப நாளா தேவைப்படுது."

கண்ணை மூடிக்கொண்டு ஒரு விரல் நுனி எடுத்து நாக்கில் வைத்தேன். இனித்தது. கேரட் தின்ற வாய்க்கு அது அமிர்தமாக இருந்தது. இன்னொரு விரலும் வைத்தேன். அது விசாரணைக்குத் தேவையில்லாததுதான்.

மகன் என் கையிலிருந்த டப்பாவை எட்டிப் பார்த்தான். பிறகு, "சரி, சர்க்கரைன்னே வச்சுக்குவோம். எதுக்கு ஒளிச்சு வைக்கணும்?" என்றான்.

"காபிக்கு. காலையில ஒரு காபி குடிக்காம பத்துக் குழந்தைங்களைச் சமாளிக்க முடியாதாம். மாமாவுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவார்னு ஒளிச்சிருக்காங்க," என்றார் மேடம்.

"அப்பாவுக்குச் சர்க்கரையைப் போட்டிருந்தா அது ஏறியிருக்கணுமே? டாக்டர் இறங்கியிருக்குன்னுதானே சொன்னார்?"

"ஏறினதாலதான் ஆஸ்பத்திரி வரைக்கும் உயிரோட வந்தார், தம்பி. உங்க சம்சாரத்தோட அப்பாவுக்கும் சர்க்கரை வியாதி. இப்படி வேர்த்து நடுங்கினா அவங்கம்மா வாயில சர்க்கரையைப் போடறதைப் பார்த்து வளர்ந்தவங்க. விஷம் வச்சவ வைத்தியம் பார்க்க மாட்டா."

"தப்பிச்சுக்கறதுக்காகப் பார்த்திருக்கலாம்," என்றான் மகன். ஆனால் குரலில் முன்பிருந்த வேகம் இல்லை. சந்தேகம் ஒருமுறை குடியேறிவிட்டால் வாடகை கொடுக்காவிட்டாலும் காலி செய்யாது.

மாமியார் அடுப்பை அணைத்து, தேநீரை வடிகட்டினார். மேடம் எனக்கும் ஒரு வாய் கேட்டார். இன்றைய தினம் என்னை வைத்துத்தான் எல்லாச் சோதனையும் என்று தெரிந்தது. குடித்தேன். பாவம் செய்தவர்களுக்கென்று தனியாகக் காய்ச்சியது போல ஒரு கசப்பு. காது வரைக்கும் போனது.

"இதுல ஒரு செருப்பைக் கரைச்சாக்கூடத் தெரியாது, மேடம்," என்றேன்.

மேடம் சிரிக்கவில்லை. கரண்டிகள் தொங்கிய கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே மாதிரிச் சின்னக் கரண்டிகள் வரிசையாக இருந்தன. நடுவில் இரண்டு கொக்கிகள் காலி.

"டீயை யார்ம்மா அவருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாங்க?"

"நான்தான். அவ காய்ச்சி வடிகட்டி வச்சுட்டு வேலைக்கு ஓடிடுவா. கொஞ்சம் ஆறினதும் கீழ ஸ்டூடியோவுக்கு எடுத்துட்டுப் போவேன். அவர் காலையில கண் முழிச்சதும் அங்க போயிடுவார். ஆஸ்பத்திரியில இருந்து வந்தும் கேக்கல. இப்பவும் அங்கதான் இருக்கார்."

"உடம்பு முடியாதவரைத் தனியா விட்டிருக்கீங்களே?"

"சொன்னா கேக்கற மனுஷனா? அவரோட கூட்டாளி ஒருத்தர் இருந்தார், மேடையில பக்கத்துலயே உக்காருவார். அவரும் இவரை மாதிரி மாத்திரையை விட்டவர்தான். போன மாசம் திடீர்னு போய்ச் சேர்ந்துட்டார். அதுல இருந்து இவர் முகமே சரியில்ல. யார்கிட்டயும் பேசறதில்ல."

மேடம் தலையாட்டினார். பிறகு, நான் நினைத்தே பார்க்காத ஒரு காரியம் செய்தார். என் தோளில் கைவைத்து எழுந்திருக்கும்போது, என் சட்டையின் மேல் பட்டனைப் பிடித்து ஒரே இழுப்பு. பட்டன் தரையில் உருண்டது.

"அடடா. வயசாச்சு, பிடிமானம் இல்லாம எதையாவது பிடிச்சுடறேன். அம்மா, ஒரு ஊசி நூல் கிடைக்குமா?"

மாமியாரின் முகத்தில் ஒரு கணம் ஏதோ தடுமாற்றம். ஆனாலும் பட்டன் அறுந்தவனை அப்படியே அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. கூடத்தின் மூலையில் தையல் மெஷின் இருந்தது. சமையலறையிலிருந்து படிக்கட்டுக்குப் போகும் வழியில். அதன் இழுப்பறையை நாலு விரல் அளவு மட்டும் திறந்து, கையை விட்டுத் துழாவினார். மேடம் பின்னாலேயே போய், இழுப்பறையை மெல்ல முழுசாக இழுத்தார்.

நூல்கண்டுகளுக்கு நடுவில் இரண்டு சின்னக் கரண்டிகள். ஒன்றின் மடியில் ஒன்று உட்கார்ந்திருந்தது. இடுக்கில் வெள்ளை மாவு.

நான் திறந்த சட்டையோடு நின்றேன்.

"ரெண்டு கரண்டிக்கு நடுவுல மாத்திரையை வச்சு அமுக்கினா பொடியாயிடும்," என்றார் மேடம். "பிள்ளை பெத்தவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச வித்தை. சமையலறையில நின்னு கலக்கறவங்களுக்கு இது தேவைப்படாது. அங்க உரல் இருக்கு, இடிகல் இருக்கு. சமையலறையை விட்டு வெளிய வந்த பிறகு கலக்கறவங்களுக்குத்தான் கரண்டி வேணும்."

"அம்மா?" என்றான் மகன்.

அந்த அம்மாள் தையல் மெஷினின் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. எத்தனையோ நாளாகத் தூக்கிக்கொண்டு நின்றதை இறக்கிவைத்தது போல ஒரு பெருமூச்சு விட்டார்.

"சின்னப் பிள்ளையில உனக்குக் காய்ச்சல் வந்தா இப்படித்தான்டா கொடுப்பேன், தேன்ல குழைச்சு. அவர் மேடையில மாத்திரையைக் கொட்டினப்ப எல்லாரும் கை தட்டினாங்க. எனக்கு அடி வயித்துல பகீர்னுச்சு. மறுநாளே மருந்துக் கடைக்குப் போய் அதே மாத்திரையை வாங்கிட்டு வந்தேன். அந்த டீ இருக்கற கசப்புக்கு எதைப் போட்டாலும் தெரியாது. ரத்தப் பரிசோதனை நல்லா வந்துச்சு. அவர் மூலிகையோட மகிமைன்னு கூட்டம் கூட்டமாப் பேசினார். முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். நான் எப்படிச் சொல்லுவேன்?"

ஆக, இயக்கத்தின் பெருமை அத்தனையும் ஒரு தையல் மெஷின் இழுப்பறையில் இருந்திருக்கிறது.

"அவளை நான் வெளிய அனுப்பினேனேம்மா. பார்த்துட்டுச் சும்மா இருந்தீங்களே."

"நான் காரணமில்லடா." அந்த அம்மாளின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "டாக்டர் எழுதிக் கொடுத்த அதே அளவு. தினம் ஒண்ணு. அதுக்கு மேல ஒரு துகள் போட்டதில்ல. வருஷக்கணக்கா அவர் சாப்பிட்ட மாத்திரை. டீயில போட ஆரம்பிச்சும் இத்தனை மாசம் நல்லாத்தானே இருந்தார்? இப்ப மட்டும் எப்படி விழுவார்? அதனாலதான் எனக்கும் அவ மேல..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை.

வழக்கு முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். சூடாக எதையாவது, சமைத்த எதையாவது சாப்பிட வேண்டும். ஆனால் மேடம் நகரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நெற்றியைத் தேய்த்தார். அவர் அப்படிச் செய்தால் இன்னும் வேலை இருக்கிறது என்று அர்த்தம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கும் ஓய்வு பெற வேண்டும் போலிருக்கும்.

"அந்தம்மா சொல்றது சரி, வாலு. கணக்கு உதைக்குது."

"எங்க மேடம்?"

"பழைய மாத்திரை, பழைய அளவு, இத்தனை மாசம் ஒரு தொந்தரவும் இல்ல. இப்ப திடீர்னு ஆளைச் சாய்க்குதுன்னா, சமீபத்துல ஏதோ ஒண்ணு கூடியிருக்கு." கண்ணைத் திறந்தார். "அம்மா, இன்னிக்கு மாத்திரையைப் பொடி பண்ணியாச்சா?"

"கரண்டியிலதான் இருக்கு. மூணு நாளா ஆஸ்பத்திரியில பார்த்துக்கிட்டாங்க. இனிமே நான்தானே பார்க்கணும்."

"கரண்டி அங்கயே இருக்கட்டும். டீ டம்ளரை மட்டும் கொடுங்க. இன்னிக்கு நான் கொண்டுபோறேன்."

கஷ்டப்பட்டு ஏறிய படிகளை மறுபடியும் இறங்கினோம். மேடம் ஒவ்வொரு படிக்கும் ஒரு தரம் உதட்டைக் கடித்துக்கொண்டார். டம்ளர் மட்டும் தளும்பவில்லை. பின்னால் மகனும் மாமியாரும் வந்தார்கள்.

ஸ்டூடியோவில் பழைய ரசாயன வாசனை இன்னும் மிச்சமிருந்தது. மடித்து வைத்த குடை விளக்குகள், வெளுத்துப்போன நீலத் திரை, முதுகில்லாத ஸ்டூல். ஸ்டூடியோக்காரர் ஒரு சாய்வு நாற்காலியில் இருந்தார். சுவரொட்டியில் இருந்த முகத்தில் பாதிதான் மீதி இருந்தது. எதிர்ச் சுவரில் மேடைப் புகைப்படம் ஒன்று. அவரும் அந்தக் கூட்டாளியும் கைகோத்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

அலமாரி முழுக்கச் சின்னக் கறுப்பு ஃபிலிம் டப்பாக்கள். ஃபிலிமே வழக்கொழிந்து போன காலத்திலும் தூக்கிப் போட மனம் வராமல் அடுக்கிவைத்திருந்தார். எல்லாவற்றின் மேலும் பொடியாய்த் தூசி. மேடம் டம்ளரோடு அலமாரிக்கு முன்னால் நின்று, வரிசை வரிசையாகப் பார்த்தார்.

"ஃபிலிம் டப்பாவுக்குள்ள ஈரம் போகாதில்லையா?" என்று கேட்டார்.

"சொட்டுக்கூடப் போகாது. அது அப்படிப்பட்ட மூடி." அவருக்குத் தொழில் பற்றிக் கேட்டதில் கொஞ்சம் உயிர் வந்தது. "நீங்க யாரு?"

"உங்க மருமக அனுப்பினவ." மேடம் டம்ளரை அவர் கையில் கொடுத்தார். அவர் வாயருகே கொண்டுபோனார்.

"குடிக்கறதுக்கு முன்னால ஒண்ணு. உங்க சம்சாரம் இத்தனை மாசமா இந்த டீயில ஒரு சர்க்கரை மாத்திரையைப் பொடி பண்ணிப் போட்டுட்டு வர்றாங்க. தினமும், பழைய அளவுல."

டம்ளர் அந்தரத்தில் நின்றது.

மேடம் அலமாரியிலிருந்து ஒரே ஒரு டப்பாவை எடுத்தார். அதன் மேல் தூசி இல்லை. கை பட்டுப் பட்டு மூடி பளபளத்தது. உள்ளே ஏதோ குலுங்கியது.

"இன்னிக்கு இதுல இருந்து ஒண்ணு முழுங்கியாச்சா, ஐயா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். மனைவியைப் பார்த்தார். அவர் இவரைப் பார்த்தார். இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்கள், ஒருவரையொருவர் கையும் களவுமாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"அவன் செத்ததுல இருந்துதான்," என்றார் ஸ்டூடியோக்காரர், சுவரிலிருந்த புகைப்படத்தைக் காட்டி. "அவன் என்னை நம்பித்தான் மாத்திரையை விட்டான். அவனைப் பார்க்கப் போனப்ப எனக்குப் பயம் வந்துடுச்சு. வெளிய சொல்ல முடியுமா? தெருவெல்லாம் என் படம் ஒட்டியிருக்கு. நாய் வேஷம் போட்டா குரைச்சுத்தானே ஆகணும். யாருக்கும் தெரியாம ஒண்ணு, பழைய அளவுலதான், போட்டுக்க ஆரம்பிச்சேன்."

"நீங்க ஒண்ணு, அவங்க ஒண்ணு. வயித்துல கேரட்," என்றார் மேடம். "யாரா இருந்தாலும் விழுவாங்க. இன்னிக்கு ஒண்ணு உள்ள போயாச்சு, இனி எதையும் தொடாதீங்க. எவ்வளவு, எப்பன்னு டாக்டர் சொல்லட்டும்."

"நான்தான் காரணம்னு எனக்குத் தோணவே இல்ல. பழகின மாத்திரைதானேன்னு இருந்துட்டேன். அப்போ வேற யாரோ ஏதோ கலக்கறாங்கன்னுதான்..." அவரும் முடிக்கவில்லை. அதே வாக்கியத்தை மாடியில் அவர் மனைவி விட்ட இடத்திலேயே விட்டார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே பாவமும் பெரிதாக இல்லை. பயந்த இரண்டு பேர், தனித்தனியே பயந்திருக்கிறார்கள். அவரவர் மாத்திரை அவரவருக்குத் தெரியும். அது குற்றமற்றது என்றும் தெரியும். ஆகவே மிச்சமிருந்தவள் குற்றவாளி ஆனாள். எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"கூப்பிடு," என்று என்னிடம் சொல்லிவிட்டு மேடம் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

தெருமுனைக்குப் போய் அவளை அழைத்துவந்தேன். வரும் வழியிலேயே நடந்ததைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே வேகமாக நடந்தாள். பக்கத்தில் ஓடிக்கொண்டே, "உங்க சோப்பு டப்பாவுல இருந்து ரெண்டு விரல் சர்க்கரையை நான் தின்னுட்டேன். மன்னிச்சுக்கங்க," என்றேன். அவள் நின்று என்னைப் பார்த்தாள்.

"எதுவுமே கேக்காம வாயில வச்சீங்களா?"

"கேட்டுட்டுத்தான் வச்சேன். சோப்பா இருந்தா என்ன பண்றதுன்னு. ஆனா நீங்க சர்க்கரைன்னு சொன்னீங்களே."

அவள் தலையைத் திருப்பிக்கொண்டு நடந்தாள்.

ஸ்டூடியோவுக்குள் வந்ததும் மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஸ்டூடியோக்காரர் நாற்காலியில் இருந்தபடியே கும்பிட்டார். அவள் பதறிப்போய் அவர் கைகளைப் பிரித்துவிட்டாள்.

"விடுங்க மாமா. பயத்துல பண்ணிட்டீங்க. அத்தையும் பயத்துலதான் பண்ணினாங்க. எனக்குப் புரியுது." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். "இனிமே ரெண்டு பேரும் ஒருத்தருக்குத் தெரிஞ்சு ஒருத்தர் பயப்படுங்க. அது போதும்."

மகன் ஒரு அடி முன்னால் வந்தான். "புகார் கொடுக்கல. நான் போகவே மாட்டேன். வா, மேல போலாம்."

அவள் அவனைப் பார்த்தாள். "என் டப்பாவை எடுத்துட்டு வாங்க."

அவன் ஓடிப்போய் எடுத்துவந்தான். மூடியைச் சரியாக மூடாததால் வழியெல்லாம் கொஞ்சம் சிந்தியது. புகைப்படம் வெட்டும் மேஜைமேல் வைத்தான். அங்கேயும் கொஞ்சம் சிந்தியது. அவள் மூடியை அழுத்தி மூடிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"மாத்திரை போட்டது அத்தை. முழுங்கினது மாமா. என்னை வெளிய அனுப்பினது நீங்க."

"நான் பார்த்தது அப்படி இருந்துச்சு. அப்பா கீழ கிடந்தார். உன் கையில வெள்ளையா..."

"நான் சர்க்கரைன்னு சொன்னேன். எங்க இருக்குன்னும் சொன்னேன். நீங்க டப்பாவைத் திறந்து பார்த்தீங்க. வெள்ளையா இருந்துச்சுன்னு மூடிட்டீங்க." அவள் என் பக்கம் கையைக் காட்டினாள். "இவருக்கு என் பேர்கூட நேத்துதான் தெரியும். நான் சொன்னேன்னு நம்பி நாக்குல வச்சிருக்கார். உங்களுக்கு ஒரு விரல் நுனி வைக்க மனசு வரலையே."

அவன் பார்வை டப்பாவின் மூடியிலேயே நின்றது.

"எனக்குக் காப்பகத்துல நேரமாகுது," என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். டப்பா அவள் கக்கத்தில் இருந்தது.

மேடம் ஸ்டூலைப் பிடித்து எழுந்தார். அவர் முகத்தில் வழக்கை முடித்த களை இல்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சாப்பாட்டைப் பற்றி நினைப்பே வரவில்லை.

வாசலில் திரும்பிப் பார்த்தேன். வயதான இருவரும் ஒரே நாற்காலிக்குப் பக்கத்தில் ஒடுங்கி நின்றார்கள். மகன் மேஜைக்கு முன்னால் தனியாக நின்றான். சிந்திக் கிடந்த துகள்களை வெகுநேரம் பார்த்தான். பிறகு ஆள்காட்டி விரலால் ஒற்றியெடுத்து, மெதுவாக நாக்கில் வைத்தான்.